சேர் பில்லி பொஸ்டன்: நூற்று முப்பது ஆண்டுகள் தாமதித்த ஒரு பட்டம்

2025 ஜூன் மாதத்தில் மூன்றாம் சார்ள்ஸ் மன்னரின் பிறந்தநாள் கௌரவப் பட்டியல் வெளியானபோது, நான் பார்த்த தமிழ்ப் பத்திரிகைகளிலும் இணையத்தளங்களிலும் ஒரேயொரு விளையாட்டு வீரரின் பெயர்தான் கொட்டை எழுத்துகளில் இருந்தது: டேவிட் பெக்கம். அவர் அணிந்த உடை, அவரது மனைவி, அவரது பிள்ளைகள், அவருக்குப் பட்டம் கிடைக்காமல் இழுபட்ட கதை என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். அதே பட்டியலில் 'சேர்' பட்டம் பெற்ற இன்னொரு விளையாட்டு வீரரும் இருந்தார். அவருக்கு வயது 90. பட்டியல் வெளியாவதற்குச் சில நாட்கள் முன்பே, ஜூன் 10ஆம் திகதி, பக்கிங்ஹாம் அரண்மனையில் வைத்து மன்னர் அவருக்கு அந்தப் பட்டத்தை வழங்கியிருந்தார். அவர் பெயர் பில்லி பொஸ்டன். எம்மவர்களின் ஏடுகளில் அவருக்குக் கிடைத்தது, கிடைத்திருந்தால், ஒரு வரி.

றக்பி லீக் என்னும் விளையாட்டு 1895இல் தோன்றியது. அந்த விளையாட்டிலிருந்து 'சேர்' பட்டம் பெற்ற முதல் மனிதர் பொஸ்டன். இடையில் கழிந்தவை நூற்று முப்பது ஆண்டுகள். இந்த ஒரு கணக்கைத்தான் இன்று வாசகர்களோடு சேர்ந்து கூட்டிக் கழித்துப் பார்க்க விரும்புகிறேன்.

செய்தி வந்த வாரத்தில் பிரித்தானியாவில் நீண்டகாலமாக வாழும் நண்பர் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கப்பல் தொழிலாளி ஒருவரின் கறுப்பு மகனை அரண்மனைக்கு அழைத்துக் கௌரவிக்கும் நாடு இது, இந்தப் பெருந்தன்மை எங்கள் பக்கத்தில் எவருக்கு வரும் என்பது அவரது கேள்வியின் சாரம். நல்ல மனிதர். நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஆயினும் அந்தப் 'பெருந்தன்மை' என்ற சொல் என் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. கடன்காரன் எழுபது ஆண்டுகள் கழித்து, வட்டியில்லாமல், முதலில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தால் அதற்குப் பெயர் பெருந்தன்மையா?

ஆறு ஷில்லிங் கதை

பொஸ்டனின் கதையை 1895இலிருந்து தொடங்காமல் விளங்கிக்கொள்ள முடியாது. எங்கள் நாட்டில் றக்பி என்றால் றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையிலான பிராட்பி கேடயம். பெரிய பாடசாலைகள், பெரிய கார்கள், கழுத்துப்பட்டி அணிந்த பழைய மாணவர்கள். அது றக்பி யூனியன், பதினைந்து பேர் ஆடுவது. றக்பி லீக் வேறு. பதின்மூன்று பேர் ஆடுவது. அது பிறந்தது பாடசாலை மைதானத்தில் அல்ல, சம்பளப் பிரச்சினையில்.

வட இங்கிலாந்தின் யோக்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் றக்பி ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத்திலும் நெசவாலைகளிலும் துறைமுகங்களிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை அவர்களுக்கு வேலை நாள். போட்டிக்குப் போனால் அன்றைய கூலி இல்லை. இழந்த கூலியை மட்டும் ஈடுசெய்யுங்கள் என்று யோக்ஷயர் பிரதிநிதிகள் கேட்டார்கள். 1893இல் லண்டனில் நடந்த றக்பி யூனியன் பொதுக்கூட்டத்தில் அந்தத் தீர்மானம் 282க்கு 136 என்ற வாக்குகளில் தோற்கடிக்கப்பட்டது. ஊதியத்துக்காக ஆடுவது விளையாட்டின் தூய்மையைக் கெடுக்கும் என்றார்கள், சனிக்கிழமைக் கூலியைப் பற்றி ஒருபோதும் கவலைப்படத் தேவையில்லாத கனவான்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1895 ஆகஸ்ட் 29ஆம் திகதி, ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிய வடபுலத்துக் கழகங்கள் யூனியனை விட்டு வெளியேறின. அவை தொடக்கத்தில் அனுமதித்த இழப்பீடு, நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங்.

ஆறு ஷில்லிங்! அந்த ஆறு ஷில்லிங்குக்காக ஒரு நூற்றாண்டு காலம் பழிவாங்கினார்கள். லீக்கில் ஒருமுறை ஆடியவனுக்கு யூனியனில் ஆயுட்காலத் தடை. பயிற்றுவிக்கவும் முடியாது. பிரித்தானிய ஆயுதப்படைகள் றக்பி லீக்கை ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொண்டதே 1994இல்தான். பிரான்ஸில் இன்னும் மோசம். நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசு 1941இல் அந்த விளையாட்டையே தடைசெய்து, அதன் சங்கத்தின் சொத்துகளையும் பறிமுதல் செய்தது. ஓர் அரசாங்கம் ஆணை பிறப்பித்து ஒழிக்க முனையும் அளவுக்கு, பதின்மூன்று பேர் பந்தோடு ஓடுவதில் என்ன ஆபத்து இருந்தது? தொழிலாளி தன் விளையாட்டைத் தானே நடத்தினான் என்பதுதான் ஆபத்து.

இந்த இடத்தில் என் சொந்தக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1995 ஆகஸ்ட் மாதத்தின் இறுதியில் ஓரிரவு நான் ஒரு பத்திரிகையின் இரவுப் பணியில் இருந்தேன். இளம் உதவி ஆசிரியன். சர்வதேச றக்பி சபை ஆகஸ்ட் 26ஆம் திகதி யூனியன் விளையாட்டில் ஊதியத்தை அனுமதித்துவிட்டது என்ற செய்தி வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்திடமிருந்து வந்தது. விளையாட்டுப் பக்கத்தில் சிறியதோர் இடம் காலியாக இருந்தது. 'நூற்றாண்டுத் தூய்மைக்கு முடிவு' என்ற பொருளில் தலைப்பிட்டு அனுப்பிவிட்டு, நல்ல தலைப்பு என்று எனக்கு நானே மெச்சியும் கொண்டேன். ஜோர்ஜ் ஹோட்டல் கூட்டத்தின் நூறாவது ஆண்டு நிறைவுக்கு அன்று மூன்று நாட்கள்தான் பாக்கி இருந்தது என்பது எனக்குத் தெரியாது. எதற்காக ஒரு நூற்றாண்டு காலம் தொழிலாளர்களைத் தீண்டத்தகாதவர்களாக நடத்தினார்களோ, அதையே யூனியன்காரர்கள் தாமும் செய்யத் தீர்மானித்த நாள் அது. அதற்கு நான் 'தூய்மை' என்று பெயர் வைத்தேன். ஆளுகிறவர்களின் அகராதியிலிருந்து சொல்லைக் கடன் வாங்கினால் அவர்களின் பொய்யும் கூடவே வரும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் பிடித்தது.

அழைக்காத கார்டிஃப்

பில்லி பொஸ்டன் 1934 ஆகஸ்ட் 6ஆம் திகதி வேல்ஸ் தலைநகரான கார்டிஃப்பின் துறைமுகப் பகுதியில் பிறந்தார். டைகர் பே என்று பெயர் பெற்ற இடம். நிலக்கரிக் கப்பல்கள் உலகெங்கிலுமிருந்து கொண்டுவந்து சேர்த்த மாலுமிகள் குடும்பம் கட்டிக்கொண்ட குடியிருப்பு. தந்தை சியரா லியோனிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. தாய் ஐரிஷ் வம்சாவளியினர். பிள்ளைகள் பதினொருவர். அந்தக் குடியிருப்பின் மீது 1919இல் வெள்ளையினக் கும்பல்கள் தாக்குதல் நடத்தியிருந்தன, உயிர்களும் போயின. அந்த நினைவு ஆறாத தெருக்களில்தான் பொஸ்டன் பந்து பிடிக்கக் கற்றார்.

அவருடைய கனவு மிகச் சிறியது. கார்டிஃப் கழகத்துக்கு ஆட வேண்டும். பிறகு வேல்ஸ் தேசத்தின் சிவப்புச் சட்டையை அணிய வேண்டும். வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் மைதானம் இருந்தது. அவர் இளைஞர் அணிகளில் ஆடினார். நீத் கழகத்துக்கு ஆடினார். இராணுவ சேவைக்குச் சென்று, றோயல் சிக்னல்ஸ் படைப்பிரிவுக்காக 1953 இராணுவக் கிண்ண இறுதிப் போட்டியில் ஆறு ட்ரைகள் வைத்தார். கார்டிஃப் கழகம் அழைக்கவேயில்லை. திறமை போதாது என்று எவரும் சொல்லவில்லை. எவரும் எதுவுமே சொல்லவில்லை. மறுப்புக் கடிதம் அனுப்பினால் பதில் எழுதலாம். மௌனத்துக்கு எவன் பதில் எழுதுவான்? வேல்ஸ் யூனியன் தேசிய அணியில் கறுப்பின வீரர் ஒருவர் முதன்முதலில் ஆடியது 1980களில்தான் என்ற ஒரு தகவலே அந்த மௌனத்தின் பொருளைச் சொல்லிவிடும்.

அழைத்தவர்கள் வெகுதூரத்தில் இருந்தார்கள். லங்காஷயரின் விகன் நகரம், நிலக்கரியும் பருத்தியும். விகன் கழகத்தின் ஆட்கள் 1953இல் டைகர் பே வீட்டுக்கு வந்து ஆயிரத்து ஐந்நூறு பவுணை ஐந்து பவுண் தாள்களாக மேசையில் பரப்பிய கதை றக்பி லீக் உலகில் பிரசித்தமானது. பொஸ்டனுக்குப் போக விருப்பமில்லை. தாய் ஒரு தந்திரம் செய்தார். மூவாயிரம் கேட்போம், தொல்லை விட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தார். கேட்டார். சரி என்றார்கள்! சொன்ன சொல்லை மீற முடியாமல் மகன் கையெழுத்திட்டான். ஒரு தாய் தன் மகனைச் சொந்த ஊரிலேயே வைத்துக்கொள்வதற்காகச் சொன்ன விலை, அவனை என்றென்றைக்கும் அந்த ஊரின் விளையாட்டிலிருந்து வெளியேற்றியது. அன்றிலிருந்து ஆயுட்காலத் தடை.

இதைச் சிலர் அழகான கதையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் அழகு தெரியவில்லை. தன் பிள்ளையைத் தன் நகரம் மதித்திருந்தால் அந்தத் தாய்க்குத் தந்திரம் எதற்கு?

எண்கள் பேசட்டும்

விகனின் இரண்டாம் அணிக்காக அவர் முதன்முதலில் ஆடியபோது பார்க்க வந்தவர்கள் எண்ணாயிரத்துக்கும் அதிகம். 1953 நவம்பரில் முதல் அணியில் இடம். ஆறே ஆறு போட்டிகள் ஆடியிருந்த நிலையில் 1954இன் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் பயணத்துக்கான பிரித்தானிய அணியில் தெரிவுசெய்யப்பட்டார். வயது 19. அந்தப் பயணத்தில் அவர் 18 போட்டிகளில் வைத்த ட்ரைகள் 36. அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை. ஒக்லண்டில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் மட்டும் நான்கு.

விகனுக்காக 488 போட்டிகளில் 478 ட்ரைகள். கிட்டத்தட்டப் போட்டிக்கு ஒன்று. அதுவும் பதினைந்து ஆண்டுகளுக்கு. மொத்த வாழ்நாளில் 571. வரலாற்றில் அவருக்கு மேல் இருப்பவர் ஒருவரே: 796 ட்ரைகள் வைத்த அவுஸ்திரேலியரான பிரையன் பெவன். பிரித்தானியாவுக்காக 31 டெஸ்ட் போட்டிகளில் 24 ட்ரைகள். ஒரே போட்டியில் ஏழு ட்ரைகள் வைத்த சாதனை இரண்டு முறை. வெம்ப்ளி மைதானத்தில் ஆறு சவால் கிண்ண இறுதிப் போட்டிகள். அவற்றில் 1958, 1959, 1965ஆம் ஆண்டுகளில் வெற்றி. 1960இல் வேக்ஃபீல்ட் அணியை 27க்கு 3 என்று வென்ற சம்பியன்ஷிப் இறுதிப் போட்டியிலும் இரண்டு ட்ரைகள்.

விங்கர்கள் பொதுவாக மெலிந்த ஓட்டக்காரர்கள்; எதிரியைச் சுற்றிப் போவார்கள். பொஸ்டன் சுற்றியும் போவார், ஊடாகவும் போவார். வயது ஏற ஏற உடல் பருத்தது. வேகம் குறைந்த இடத்தைப் பலம் நிரப்பியது. அவருக்குப் பக்கத்தில் சென்டராக ஆடிய எரிக் அஷ்டனின் பந்துப் பரிமாற்றமும் பொஸ்டனின் ஓட்டமும் சேர்ந்தால் அந்தப் பக்கக் கோட்டைக் காப்பது எவருக்கும் சிரமமாயிற்று. 1968 ஏப்ரலில் விகனுக்காகக் கடைசிப் போட்டி. பிறகு பிளக்பூல் கழகத்தில் சிறிது காலம். 1970இல் ஓய்வு. ஓய்வுக்குப் பின் விகனிலேயே, தான் ஆடிய சென்ட்ரல் பார்க் மைதானத்தின் அருகில், ஒரு மதுச்சாலையை நடத்திக்கொண்டு அந்த நகரத்து மனிதராகவே வாழ்ந்தார். அந்த மைதானமும் 1999இல் மூடப்பட்டுப் பேரங்காடியாகிவிட்டது. விகனின் இன்றைய மைதானத்தில் ஒரு பார்வையாளர் மாடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இப்போது மறுபக்கக் கணக்கைப் பாருங்கள். பொஸ்டன் விகனில் கையெழுத்திட்ட அதே 1953இல் குதிரையோட்டி கோர்டன் ரிச்சட்ஸும் கிரிக்கெட் வீரர் ஜெக் ஹொப்ஸும் 'சேர்' ஆனார்கள். உதைபந்தாட்டத்தில் ஸ்டான்லி மத்யூஸ் 1965இல் பெற்றார். யூனியன் விளையாட்டில் கார்டிஃப் கழகத்தின் நாயகன் கரத் எட்வட்ஸ் 2015இல் பெற்றார். பில் போமன்ட் 2019இல் பெற்றார். அவர்கள் எவரது தகுதியையும் நான் குறைத்துப் பேசவில்லை. அதே டைகர் பேயின் மகளான பாடகி ஷேர்லி பஸ்ஸி 2000ஆம் ஆண்டுப் புத்தாண்டுப் பட்டியலிலேயே 'டேம்' ஆகிவிட்டார். பொஸ்டனுக்கு 1996இல் எம்.பி.ஈ. என்ற கடைசிப் படிக்கட்டு. அதுவும் ஓய்வுபெற்று 26 ஆண்டுகள் கழித்து. அதன் பின் மேலும் 29 ஆண்டுகள் காத்திருப்பு. கறுப்புத் தோல் மட்டுமே காரணம் என்றால் பஸ்ஸிக்குக் கிடைத்திராது. விளையாட்டு மட்டுமே காரணம் என்றால் மத்யூஸுக்குக் கிடைத்திராது. வடக்கத்தியத் தொழிலாளரின் விளையாட்டு என்பதே முதற் காரணம். அந்த விளையாட்டில் எந்த வெள்ளை வீரருக்கும்கூட 2025 வரை அந்தப் பட்டம் கிடைக்கவில்லை என்பதைவிட வேறு சாட்சி வேண்டுமா? கறுப்பு நிறம் அவரை அந்த விளையாட்டுக்குள் தள்ளியது. அந்த விளையாட்டு அவரை அரண்மனையின் கண்ணிலிருந்து மறைத்தது. இரண்டு பூட்டுகள், ஒரே கதவு.

வீட்டுக்குள்ளும் குற்றம் உண்டு

றக்பி லீக் ஆதரவாளர்கள் இதுவரை வாசித்துவிட்டுத் தலையாட்டியிருப்பார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1957இல் அவுஸ்திரேலியாவில் உலகக் கிண்ணப் போட்டிகள் முடிந்ததும், நாடு திரும்பும் வழியில் பிரித்தானிய, பிரெஞ்சு அணிகள் தென் ஆபிரிக்காவில் காட்சிப் போட்டிகள் ஆட ஏற்பாடாகியிருந்தது. வெள்ளையரும் வெள்ளையர் அல்லாதோரும் ஒன்றாக விளையாடக்கூடாது என்ற கொள்கையை அந்நாட்டு உள்துறை அமைச்சர் டொங்கெஸ் முந்திய ஆண்டில்தான் அறிவித்திருந்தார். அது ஒளிவுமறைவான செய்தி அல்ல. அப்படியிருந்தும் பயணம் கைவிடப்படவில்லை. அணி தென் ஆபிரிக்காவுக்குச் சென்றது. பொஸ்டன் தனியாக வீடு திரும்பினார். கிரிக்கெட் உலகம் பசில் டொலிவேரா விவகாரத்தில் 1968இல் அவமானப்பட்டதைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பு, தொழிலாளரின் விளையாட்டு என்று மார்தட்டிய அமைப்பொன்று தன் தலைசிறந்த வீரனை விமானத்தில் தனியே ஏற்றிவிட்டுச் சீட்டுப் பணம் வசூலிக்கப் போனதை எத்தனை பேர் அறிவார்கள்? விகனில் உயர்ந்தவராக இருந்த மனிதர் விமான நிலையத்தில் வேண்டாதவரானார்.

அதற்கும் முன்னர் றோய் பிரான்சிஸ் இருந்தார். வேல்ஸைச் சேர்ந்த இவரே பிரித்தானிய லீக் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர்; 1947இல் நியூசிலாந்துக்கு எதிராக. முந்திய ஆண்டின் அவுஸ்திரேலியப் பயணத்துக்கு அவர் தெரிவுசெய்யப்படவில்லை. வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கையை மனதில் வைத்தே தெரிவாளர்கள் அவரைத் தவிர்த்தார்கள் என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1954இல் பொஸ்டன் அந்தப் பயணத்துக்குப் புறப்பட்டபோது புறப்பட்டது அவர் ஒருவர் மட்டுமல்ல.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குறைகளோடும் அந்த விளையாட்டு கதவைத் திறந்தது. பிரான்சிஸ் பின்னர் ஹல், லீட்ஸ் கழகங்களின் பயிற்றுநராகிக் கிண்ணங்கள் வென்றார். பொஸ்டனைப் போலவே கார்டிஃப் துறைமுகத்திலிருந்து ஜொனி ஃப்ரீமன், கொலின் டிக்சன் என்று வரிசையாக வடக்கே போனார்கள். கார்டிஃப்பின் ஸ்ப்ளொட் பகுதியில் பிறந்த கிளைவ் சலிவன் 1972இல் பிரித்தானிய அணியின் தலைவரானார். பெரிய விளையாட்டொன்றில் பிரித்தானிய தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவரே. அதே ஆண்டு லியோன் நகரில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் மைதானத்தின் பெரும்பகுதியை ஓடிக் கடந்து ட்ரை வைத்தார். 10க்கு 10 என்ற சமநிலையில் கிண்ணம் பிரித்தானியாவுக்குக் கிடைத்தது. 1985இல், 42 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஹல் நகரம் ஒரு பெருந்தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டியது. இன்று பட்டம் வழங்கும் கை அவரை எங்கே தேடும்?

மூன்று மறுமொழிகள்

நண்பருக்கு நான் பதில் எழுதியபோது அவர் மூன்று வாதங்களை முன்வைத்தார். வாசகர்களில் பலருக்கும் இவை தோன்றக்கூடும் என்பதால் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, தாமதமானாலும் கிடைத்ததே என்பது. பொஸ்டனுக்கு நினைவாற்றலைக் குறைக்கும் நோய் 2016இல் கண்டறியப்பட்டது என்பது பகிரங்கமான செய்தி. 1970இல் அவர் ஓய்வுபெற்றபோது அவர் மனதில் அந்த 571 ட்ரைகளும் பசுமையாக இருந்தன. 1996இலும் இருந்தன. அப்போதெல்லாம் கொடுக்க மனம் வராதவர்கள், அவர் 90 வயதில் துணையோடு அரண்மனைக்கு வரும்வரை காத்திருந்தார்கள். அவர் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. அந்த மகிழ்ச்சியை நான் கெடுக்க மாட்டேன். அவருக்காகப் பாடுபட்ட விகன் மக்களையும் பாராளுமன்ற உறுப்பினர்களையும் வாழ்த்தவே செய்வேன். அப்போது பிரித்தானியாவில் விளையாட்டுத்துறைக்குப் பொறுப்பான கலாசார அமைச்சராக இருந்தவர் விகன் தொகுதியின் உறுப்பினரான லிசா நண்டி என்பதையும் கவனியுங்கள். அதாவது, ஒரு நகரத்தின் நாயகனைத் தலைநகர் கண்டுகொள்வதற்கு அந்த நகரத்தின் பிரதிநிதியே அமைச்சராக வேண்டியிருந்தது. இதையா முறைமை என்பது?

இரண்டாவது, இது வெறும் விளையாட்டுத்தானே என்பது. வெறும் விளையாட்டு என்றால் ஏன் ஆயுட்காலத் தடை? ஏன் விஷி அரசின் ஆணை? ஏன் ஒரு மாணவனைக் கண்டும் காணாததுபோல் ஒரு பெருங்கழகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது? தடுக்கும்போது அது பாரதூரமான விஷயம். கேள்வி கேட்கும்போது மட்டும் வெறும் விளையாட்டா?

மூன்றாவது வாதம்தான் கனமானது. ஏகாதிபத்தியத்தின் பட்டத்துக்கு நாம் ஏன் இவ்வளவு பெறுமதி கொடுக்க வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்றார். எனக்கும் பட்டங்கள் மீது மோகமில்லை. இலங்கைத் தமிழருக்குச் 'சேர்' என்ற சொல் புதிதுமல்ல. சேர் பொன்னம்பலம் அருணாசலம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்று பாடப் புத்தகத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையைச் சற்று உற்றுப் பாருங்கள்: நியாயவாதிகள், நிர்வாகிகள், சட்டசபை அங்கத்தவர்கள், நிலவுடைமையாளர்கள். தேயிலைக் கூடை சுமந்த ஒருவரின் பெயரோ, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவரின் பெயரோ அதில் உண்டா? பட்டம் என்பது ஓர் அரசு தன் கணக்குப் புத்தகத்தில் எவரது உழைப்பை உழைப்பாகப் பதிவுசெய்கிறது என்பதற்கான சான்று. அந்தப் புத்தகம் நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக, அதில் பொய்க்கணக்கு எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்பதில்லை. பொஸ்டனுக்கு அந்தப் பட்டம் தேவைப்பட்டிருக்காது. அந்தப் புத்தகத்துக்குத்தான் பொஸ்டன் தேவைப்பட்டார்.

கற்சிலையும் கால்களும்

இப்போது சிலைகளுக்குப் பஞ்சமில்லை. வெம்ப்ளியில் 2015இல் ஐந்து லீக் வீரர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தில் பொஸ்டன் இருக்கிறார். விகன் நகர மையத்தில் 2016இல் வைத்தார்கள். கடைசியாக, 2023 ஜூலையில், கார்டிஃப்பும் வைத்தது. பழைய துறைமுகப் பகுதியில் பொஸ்டன், சலிவன், அவர்களுக்கு முந்திய தலைமுறையின் கஸ் ரிஸ்மன் ஆகிய மூவரும் வெண்கலத்தில் நிற்கிறார்கள். ரிஸ்மன் லத்வியாவிலிருந்து வந்து குடியேறிய பெற்றோரின் மகன். கார்டிஃப் பெற்று, கார்டிஃப் வளர்த்து, வடபுலத்துக்கு அனுப்பிவிட்ட பிள்ளைகள்.

அந்தச் சிலையின் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான். ஓடத் துடித்த கால்களுக்குச் சொந்த ஊர் ஒரு சட்டை கொடுக்கவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்து, ஓட முடியாத வெண்கலக் கால்களுக்கு ஒரு சதுக்கத்தையே கொடுத்தது. எங்கள் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? இருக்கும்போது ஏனென்று கேட்கமாட்டோம். இறந்ததும் மலர்வளையம், நினைவு மலர், முழுப்பக்க அஞ்சலி. அவற்றில் சிலவற்றை எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அஞ்சலி எழுதுவது மிகவும் எளிது. எதிர்க்கேள்வி கேட்க ஆள் இருக்காது.

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுவே. பொஸ்டனின் பட்டத்தைக் கொண்டாடுங்கள். பட்டம் கொடுத்தவர்களைக் கொண்டாடாதீர்கள். வட இங்கிலாந்தில் வாழும் உறவுகள் விகன் பக்கம் போனால் அந்தச் சிலையின் முன் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுங்கள். கூடவே, இந்த மனிதரை அவரது சொந்த நகரம் ஏன் அழைக்கவில்லை என்ற கேள்வியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்களும் ஏதோவொரு மைதானத்தின் ஓரத்தில், ஏதோவொரு அழைப்புக்காகக் காத்து நிற்பவர்களாக இருக்கக்கூடும்.

1995இல் நான் வைத்த அந்தத் தலைப்பை இன்று திருத்த முடியுமானால் இப்படித் திருத்துவேன்: 'நூற்றாண்டு அநீதிக்கு முதற் கட்ட ஒப்புதல்'. விளையாட்டுப் பக்கத்தில் அந்த அளவுக்கு இடமில்லை என்று பக்க வடிவமைப்பாளர் சொல்வார். இடத்தை நாம்தான் எடுக்க வேண்டும்.